மேடையில் கேட்ட என் வார்த்தை

மூன்று வருடங்களுக்கு முன், பிப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை நடந்தது இது. ஓசூருக்கு வெளியே, கம்பெனிகள் முடிந்து ரோஜாத் தோட்டங்கள் ஆரம்பிக்கிற இடத்தில் இருந்த ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ கணக்கு டீச்சராக இருந்தேன். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், பிறகு ஆறு பீரியட், சாயந்திரம் மறுபடியும் ஸ்பெஷல் கிளாஸ். என் கணவருக்குக் கம்பெனியில் மாறி மாறி ஷிப்ட். நாங்கள் இரண்டு பேரும் நின்று பேசுவதே ஞாயிற்றுக்கிழமைகளில்தான். பிப்ரவரி வந்தால் எனக்குச் சாக்பீஸ் பிடிக்கவே கை வராது. அவ்வளவு அலுப்பாக இருக்கும்.

அந்த வருடம் எங்கள் பள்ளியில் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பொதுத்தேர்வுக்கு முன்னால் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கறுப்பு அங்கி, தொப்பி எல்லாம் போட்டுப் பட்டமளிப்பு விழா. பெங்களூரில் இருந்து அங்கிகளை வாடகைக்கு எடுத்து வந்தார்கள். பாதிப் பேருக்குத் தொளதொளவென்று தொங்கியது, மீதிப் பேருக்கு முழங்காலோடு நின்றது. பரீட்சையே எழுதவில்லை, அதற்குள் பட்டமா என்று ஸ்டாஃப் ரூமில் சிரித்தோம். ஆனால் பெற்றோர்களுக்கு அது பெரிய சந்தோஷம்.

மாணவர்கள் சார்பில் பேச ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தோம். என் வகுப்பில் முதல் பெஞ்ச். விருதுநகர் பக்கத்தில் இருந்து வந்த குடும்பம். அப்பாவுக்கு ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் வேலை. வரிசையாக ஒட்டிக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார்கள். அவள் எழுதிக்கொண்டு வந்த பேச்சைத் திருத்தி, 'சரி' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் நான்தான்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எனக்கு ஒரு வாய்ப்பழக்கம் உண்டு. யாராவது கணக்கில் அசட்டுத் தப்புப் பண்ணினால், "முண்டம், அந்த மைனஸை எங்க விட்டுட்டு வந்த?" என்பேன். நான் ஊத்தங்கரைப் பக்கம். எங்கள் வீட்டில் பாதி நேரம் இந்த வார்த்தையில்தான் ஆளையே கூப்பிடுவார்கள். தலையில்லாத உடம்பு, அதாவது மூளையில்லாத ஜன்மம். அதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. பிள்ளைகளும் அதைத் திட்டாக எடுத்துக்கொண்டதில்லை. ஒரு நாள் நான் சொல்லாவிட்டால், "மிஸ்ஸுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள்.

இதில் இன்னொரு கூத்து, பள்ளியின் ஒழுங்குக் குழுவிலும் நான் இருந்தேன். யாராவது கெட்ட வார்த்தை பேசினால் பெயரை ஒரு நோட்டில் எழுத வேண்டும். 'மயிரு' என்று சொன்னதற்காக இரண்டு பையன்களை ஒரு நாள் முழுக்க வராந்தாவில் நிற்க வைத்திருக்கிறேன். ஊருக்குத்தானே உபதேசம்.

விழா அன்று அந்தப் பெண் நன்றாகவே பேசினாள். எழுதிக் கொடுத்ததை முடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். இறங்குவாள் என்று பார்த்தால், தாளை மடித்துக்கொண்டு மைக்கைக் கொஞ்சம் கிட்டே இழுத்தாள்.

"எத்தனை தடவை எங்களை முண்டம்னு திட்டியிருப்பாங்க. இனிமே எந்தக் காலேஜ்ல போயி அப்படி யாரு திட்டப் போறாங்க? நாங்க எவ்ளோ மார்க் வாங்குனாலும் அந்த முண்டம் எங்களுக்கு வேணும்."

பிள்ளைகள் விசில் அடித்தார்கள், தொப்பியைத் தூக்கிப் போட்டார்கள். இத்தனை வருட வேலையில் இப்படி ஒரு பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. மேடையில் எங்கள் தாளாளர் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப் போயிருந்தது.

அவர் கணவர் இறந்த பிறகு பள்ளியைத் தனியாக எடுத்து நடத்துகிறவர். வீட்டில் பேசுவது தெலுங்கு. நம் வார்த்தையின் கடைசி 'ம்' பேச்சில் பாதி மூக்குக்குள் போய்விடும். அந்த ஸ்பீக்கரில் மீதியும் போய்விட்டது. யார் யாரைத் திட்டியது என்பதெல்லாம் அந்த இரைச்சலில் அவர் காதில் விழவில்லை, மிச்சம் கேட்டது 'முண்ட'. தமிழில் 'முண்டை' என்பதுபோல, தெலுங்கிலும் கன்னடத்திலும் அது புருஷனை இழந்த பெண்ணைக் கேவலமாகச் சொல்கிற சொல், அதைவிட மோசமான அர்த்தமும் உண்டு. ஓசூரில் இத்தனை வருடம் இருந்த எனக்கு அது தெரியும். சந்தையில் இரண்டு பேர் சண்டை போட்டால் காதில் விழுகிற வார்த்தைதான். ஆனால் தமிழ் வகுப்பறையில் நின்றுகொண்டு ஒரு நாளும் அதை யோசித்ததில்லை.

அந்த நிமிடமே மேடைக்குப் போய், "அம்மா, அது வேற வார்த்தை, நான் கிளாஸ்ல சொல்றது" என்று சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். நான் பக்கத்தில் இருந்த டீச்சரிடம் சிற்றுண்டிப் பொட்டலம் எத்தனை வந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அவளை வகுப்புக்குள் விடவில்லை. மேடையில் அசிங்கமாகப் பேசியதற்கு மன்னிப்புக் கடிதம் வேண்டும், அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் மாற்றுச் சான்றிதழில் நடத்தை என்ற இடத்தில் 'நன்று' என்று வராது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் செய்முறைத் தேர்வு. அவள் அலுவலகத்துக்கு வெளியே ஒரு நாற்காலியில் மடியில் பையை வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். நான் அந்த வழியாக நான்கு தடவை போனேன். நான்கு தடவையும் கையில் இருந்த நோட்டைப் பார்த்துக்கொண்டே போனேன்.

செவ்வாய்க்கிழமை அப்பா வந்தார். ஷிப்ட் இருந்ததால் விழாவுக்கு அவர் வந்திருக்கவில்லை. முதல் ஷிப்டின் பாதியில் பர்மிஷன் போட்டுவிட்டு, கம்பெனிச் சட்டையோடு வந்திருந்தார். ஒழுங்குக் குழு ஆள் என்பதால் நானும் உள்ளே நிற்க வேண்டியிருந்தது. தாளாளர் அம்மா சத்தம் போடவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இந்த வார்த்தை உனக்கு எங்கிருந்து வந்தது?

அந்தப் பெண் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். நான் மனதுக்குள் வேறு பள்ளிகளில் கணக்கு டீச்சர் வேலை காலி இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். வருடக் கடைசியில் யார் எடுப்பார்கள்?

அவள் தாளை வாங்கி எழுதினாள். 'வீட்டில் பேசுகிற பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது, மன்னிக்க வேண்டும்' என்று எழுதியிருந்தாள். அப்பா அதை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தார். மகளை ஒரு தடவை பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு, தாளாளரைப் பார்த்துக் கும்பிட்டார். வீட்டில் பெரியவர்கள் வாயை அடக்கினால்தான் பிள்ளைகளுக்கு அடங்கும் என்று அவரிடம் சொல்லி அனுப்பினார்கள். நான்தான் கதவைத் திறந்துவிட்டேன்.

மறுநாளில் இருந்து அவள் வகுப்புக்கு வந்தாள். அந்த வகுப்பு செத்துவிட்டது. நான் கணக்குப் போட்டேன், அவர்கள் எழுதினார்கள். ஒரு பையன் மைனஸை விட்டிருந்தான். திருத்திக்கொள் என்று சொன்னேன். யாரும் நிமிரவில்லை. அந்த வார்த்தை யாருடையது என்று அந்த நாற்பது பேருக்கும் தெரியும். ஒருத்தரும் வெளியே சொல்லவில்லை. அது என் மேல் இருந்த பாசமா, வெறுப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் பஸ் ஸ்டாப்பில் அவளுடைய அப்பாவைப் பார்த்தேன். அவராகத்தான் கிட்டே வந்தார். கையில் வீட்டுச் சாவி ஒன்று, புதுசு.

"டீச்சர், எம்புள்ள அப்படிப் பேசாது. வீட்டுல நானும் பேசுற ஆளு இல்ல. எங்கிட்டு கத்துக்கிச்சுன்னு தெரியல. பக்கத்து வீட்டுப் பசங்கதான் தண்ணியப் போட்டுட்டுக் கண்டபடி பேசுவானுக. நேத்து அவனுகளோட சண்டையாயிருச்சு. அதான் வேற வீடு பாத்துட்டேன்."

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. புது வீடு ஊரின் அந்தக் கோடியில். பள்ளிக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும்.

எனக்கு அப்போது தைரியம் வந்தது என்று சொன்னால் அது மிகை. உண்மையில், இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னிடம் தெம்பு இல்லை. ஒன்றை மறைத்து வைத்திருப்பது ஆறு பீரியட் எடுப்பதைவிட அலுப்பான வேலை. "அண்ணா, அது என் வார்த்தை. கிளாஸ்ல நான்தான் சொல்லுவேன். அது கெட்ட வார்த்தையும் இல்ல" என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாவியை ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நீங்களும் அன்னைக்கு அங்கதானே நின்னீங்க, டீச்சர்" என்றார். பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் அவகிட்ட நாலு நாளாப் பேசல" என்றார். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை முதல் வேலையாகத் தாளாளர் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். வார்த்தையைச் சொல்லி, அதற்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று விளக்கும்போதுதான் அது எவ்வளவு அபத்தம் என்று தெரிந்தது. ஒரு 'ம்' இருக்கிறது, இல்லை என்று நான் ஒரு பெரிய மனுஷிக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரு செத்துப்போன பதினோராம் நாள், அந்த வார்த்தையச் சொல்லித்தான் என்னை வீட்டு வாசல்ல நிறுத்துனாங்க" என்றார். "அன்னைக்கு ஹால்ல அத்தனை பிள்ளைங்க விசிலடிச்சப்போ, என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்கன்னு நெனச்சேன். ஒரு வாரமா அப்படித்தான் நெனச்சுட்டு இருக்கேன். நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாமே டீச்சர்."

இந்த ஒரு வாரத்தில் அவரைக் கல்நெஞ்சுக்காரி என்று நான் மனதுக்குள் எத்தனை தடவை திட்டியிருப்பேன்! அவர் அலமாரியைத் திறந்து அந்தப் பெண்ணின் கடிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். அதற்குப் பதிலாக ஒரு கடிதத்தை நான் எழுதிக் கொடுத்தேன். வேலையில் இருந்து எடுக்கவில்லை. ஒழுங்குக் குழுவில் இருந்து மட்டும் எடுத்துவிட்டார். அவளுடைய சான்றிதழில் 'நன்று' என்றே போட்டார்கள். அவளுடைய அப்பாவுக்குத் தாளாளர் அம்மாவே போன் பண்ணி மன்னிப்புக் கேட்டார். நான் பயந்த அளவுக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்பதுதான் இன்னும் அவமானமாக இருந்தது.

ஆனாலும் அவர்கள் வீடு மாறினார்கள். பக்கத்து வீட்டுப் பையன்களோடு பேசிய பேச்சு பேசியதுதான், அதே வாசலில் மறுபடியும் முகம் கொடுக்க அந்த மனிதரால் முடியவில்லை. அவள் இரண்டு பஸ் மாறி வந்து பரீட்சை எழுதினாள். நல்ல மார்க்தான், ஆனால் நான் நினைத்ததைவிடக் குறைவு. அந்த வாரம் அதற்குக் காரணமா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் மட்டும் அவ்வப்போது கணக்குப் போட்டுப் பார்ப்பேன்.

சான்றிதழ் வாங்க வந்த நாளில் அவளிடம் அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். ஏன் வீட்டுப் பழக்கம் என்று எழுதினாய், அப்பாவுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று கேட்டேன். அவள் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

"உங்க பேரச் சொன்னா உங்க வேலை போயிருமே மிஸ். அப்பாவை யாரு வேலையவிட்டுத் தூக்கப் போறா? அதான் அப்படி எழுதிட்டேன்."

இப்போது வேறு பள்ளியில் இருக்கிறேன், அதே ஆறு பீரியட், அதே அலுப்பு. பிள்ளைகள் மைனஸை விட்டால், "விட்டுட்ட" என்று மட்டும் சொல்கிறேன். ஒழுங்கு, கெட்ட வார்த்தை என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறேன். அன்று அந்த அறையில் ஒரு பதினேழு வயதுப் பெண் என் வேலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள், நானும் என் வேலையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், அவளைப் பற்றி யோசிக்க அங்கே ஒருத்தரும் இல்லை என்பதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.