பாக்கரின் இரண்டு எலுமிச்சம்பழங்கள்

உச்சிப்புளி ரயில்வே கேட்டுக்கு வடக்கே நூற்றுப்பத்துத் தப்படி நடந்தால் பாக்கரின் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. நாற்பது வருஷத்துக்கு மேல் வயதான பிக்கப் வண்டிகளுக்குச் சக்கரமும் பிரேக்கும் பார்ப்பது அவர் தொழில். இன்ஜின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். கேட்டால், “இன்ஜின் கெட்டா வண்டி நிக்கும், நல்லதுதான். பிரேக் கெட்டாத்தான் நிக்காது” என்பார்.

ஊரெல்லாம் புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். பாக்கரிடம் அது தலைகீழ். வேலை முடிந்ததும் தரையில் சுண்ணாம்புக் கோடு போடுவார். கோட்டிலிருந்து முப்பது அடி தள்ளி, இரண்டு முன்சக்கரத்துக்கும் நேராக ஒவ்வொரு பழம். வண்டிக்காரர் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கோட்டைத் தொட்டதும் பிரேக்கை மிதிக்க வேண்டும். பழம் பிழைத்தால் அதையே பிழிந்து சர்பத் கொடுத்து அனுப்புவார். நசுங்கினால் வண்டி மறுபடியும் ஜாக்கியில் ஏறும். முப்பத்தொரு வருஷத்தில் நசுங்கியவை நான்கே பழங்கள்.

2023 மே 11, வியாழக்கிழமை காலை, தங்கச்சிமடத்திலிருந்து செபஸ்தியான் தன் 1974 மாடல் பிக்கப்பைக் கொண்டுவந்தார். பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் ஓடியது. சனிக்கிழமை பத்தரை மணிக்கு மகள் ஆஸ்லினுக்கு மாதா கோவிலில் கல்யாணம். மாப்பிள்ளையின் தாய்மாமன் பிரடெரிக் தன் புதுக் காரில் பெண்ணை அழைத்துப்போவதாகச் சொல்ல, “எம் மவ எம் வண்டியிலதான் வருவா” என்று செபஸ்தியான் நாலு பேர் முன்னால் சவால் விட்டிருந்தார்.

பாக்கர் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டும் வைத்த பிறகே வண்டிக்கடியில் தலையை நீட்டினார். வலது முன்சக்கரத்தின் பிரேக் சிலிண்டர் உப்பு பூத்து இறுகிக் கிடந்தது.

“ஏலே செபஸ்தி, வண்டியக் கடலுக்குள்ள இறக்குனியா?”

“மீன் ஏத்த அலை வரைக்கும்தான் பாய்.”

“அலை உன்னக் கேட்டுட்டா வரும்?”

சிலிண்டர் மாற்றி, பிரேக் ஆயிலிலிருந்து காற்றை எடுக்கும்போது செபஸ்தியானைப் பெடலில் உட்கார வைத்தார். மிதி என்றால் மிதிக்க வேண்டும், பிடி என்றால் காலை எடுக்காமல் இருக்க வேண்டும். செபஸ்தியானோ கரைவலை இழுக்கும் தாளத்தில் ‘ஏலோ’ போட்டு மிதித்தார். ஆயில் பாக்கரின் தாடியில் பீய்ச்சியது.

“பாட்ட நிறுத்துடா! வலையில நான் மாட்டியிருக்கேன்.”

மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு வண்டி கோட்டில் பிரேக் பிடித்து, பழத்துக்கு ஒரு சாண் முன்னால் நேராக நின்றது. சர்பத் குடித்தார்கள். “சக்கரம் கழத்தி மாட்டுனா அம்பது கிலோமீட்டர்ல நட்டு ஒருக்கா தளரும். நாளைக்குக் கொண்டா, இறுக்கித் தாரேன். அதுவரைக்கும் யாரும் சக்கரத்தத் தொடக்கூடாது.”

“வாரேன் பாய்.”

வெள்ளிக்கிழமை செபஸ்தியான் வரவில்லை. பாக்கர் மூன்று முறை போன் அடித்தார். பந்தல் சத்தம்தான் கேட்டது. சனிக்கிழமை காலை அத்தர் பூசி, புதுச் சட்டை போட்டு, கல்யாணத்துக்கு மொபெட்டில் கிளம்பினார். பையில் வீல் ஸ்பேனரும் இரண்டு எலுமிச்சம்பழமும் இருந்தன.

ஒன்பது ஐந்துக்குப் போய்ச் சேர்ந்தவர் செபஸ்தியான் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். பிக்கப் தலை முதல் கால் வரை நீலமாக மின்னியது. மீன்பிடித் தடைக்காலத்தில் படகுக்கு அடித்த பெயிண்டில் மீதி. சக்கரங்களைக் கழற்றி, உள்ளும் புறமும் நட்டு உட்காரும் குழியும் விடாமல் கனமாகப் பூசி, அதன்மேலேயே மாட்டியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை முழுக்கப் பந்தல் நாற்காலிகளும் ஏற்றியிருந்தார்கள்.

“சோக்கா இருக்கா பாய்?” என்றார் செபஸ்தியான்.

பாக்கர் குனிந்து ஒரு நட்டில் ஸ்பேனரை வைத்தார். ஒற்றைக் கையில், வலிக்காமல் முக்கால் சுற்றுத் திரும்பியது. அடுத்ததும் அப்படியே.

“பெயிண்டு நசுங்க நசுங்க நட்டு தளருதுலே. படகுக்குச் சக்கரம் கிடையாது, அதனால தப்பிச்சுது. இந்த வண்டி இப்படியே நகராது.”

செபஸ்தியானின் முகம் வாடியது. பிரடெரிக் கார் சாவியை விரலில் சுற்றியபடி, “நம்ம காரு ரெடியா நிக்குது சம்பந்தி” என்றார்.

“சுரண்டிட்டா ஆச்சு” என்றார் பாக்கர். “நட்டுக் குழி, சக்கரம் ஒட்டுற முகம், அது போதும். படகடியில சிப்பி சுரண்டுற தகடு யாருகிட்ட இருக்கு?”

அந்தத் தெருவில் அது இல்லாத வீடே இல்லை. பத்து நிமிஷத்தில் பதினோரு தகடுகள் வந்தன. வண்டியைக் கட்டை வைத்து, ஸ்டாண்டில் ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கினார்கள். பட்டுச்சேலைகளும் வெள்ளை வேட்டிகளும் சக்கரத்தைச் சுற்றிக் குந்தின. செபஸ்தியானின் மனைவி லீமாரோஸ் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, “சம்பந்தி, வேடிக்கை பாத்தா எப்படி? அங்கன ஒரு குழி சும்மா இருக்கு” என்றாள். பிரடெரிக்கும் உட்கார்ந்தார். எழுந்தபோது, உள்ளே காயாமல் கிடந்த பெயிண்டால் அவர் சட்டையில் ஒரு நீலக் கை பதிந்திருந்தது.

இருபது நட்டுகளையும் பாக்கரே எதிரெதிராக இறுக்கினார். மணி பத்து பதினெட்டு.

“ஏறலாமா?” என்றாள் ஆஸ்லின், பூச்செண்டோடு.

“சக்கரத்தத் தொட்டவன் பிரேக்கையும் தொட்டிருப்பான். தள்ளி நில்லும்மா.” தெருவில் கோடு போட்டுப் பழங்களை வைத்தார்.

நசுக்கத்தான் என்று நினைத்து ஊரே கத்தியது: “ஏத்துலே செபஸ்தி, ஏத்து!”

செபஸ்தியான் கோட்டில் மிதித்தார். வண்டி மூக்கைக் குத்தி நின்றது. கூட்டம் ‘சே’ என்றது. பாக்கர் சக்கரத்துக்கும் பழத்துக்கும் நடுவே விரல் வைத்து அளந்தார். இடப்பக்கம் நான்கு விரற்கடை, வலப்பக்கமும் நான்கு.

“அல்ஹம்துலில்லாஹ். இப்ப ஏறும்மா.”

பத்து முப்பத்து நாலுக்கு ஆஸ்லின் அப்பாவின் வண்டியிலிருந்து கோவில் வாசலில் இறங்கினாள். ஒரு கையில் பூச்செண்டு, மறு கையில் பிழைத்த எலுமிச்சம்பழங்களில் ஒன்று. கல்யாண ஆல்பத்தில் இரண்டும் இருக்கின்றன, பிரடெரிக்கின் நீலக் கையும் இருக்கிறது.

கல்யாணப் பூசை முடிந்து வந்த பெண்ணிடமும் மாப்பிள்ளையிடமும் பாக்கர் ரகசியம்போலச் சொன்னார்: “நட்டு இறுக்கி ரெண்டு கிலோமீட்டர்தான் ஆச்சு. இன்னும் நாப்பத்தெட்டு பாக்கி. தனுஷ்கோடி வரைக்கும் மெதுவாப் போயிட்டு வந்துருங்க, கணக்குச் சரியாப்போகும். அலைக்குள்ள இறக்குனா மட்டும் எனக்குக் கெட்ட கோவம் வரும்.”

அவர்கள் திரும்பிவரும் வரை, மடியில் ஸ்பேனரோடு, அவர் கோவில் வேப்பமரத்தடியில் மற்றொரு பழத்தைப் பிழிந்த சர்பத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.