பொன்முடி ஏற்றத்தில் கொதித்த வண்டி

வீட்டுக்கே போய் வண்டி பார்க்கிற என் தொழிலில், என்ஜினுக்கு முன்னால் சூடாகி நிற்பவர் வீட்டுக்காரர்தான். ஏற்றத்தில் ஆவி பறக்க ஓரமாக நின்றவர்களுக்கு அது புரியும்.

முற்றத்தில் சாதுவான வண்டி

கரமனை அக்ரஹாரத்தில் ஒரு சாமி. கணக்கு ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். மகளுக்குப் பொன்முடி எஸ்டேட் ஆபீஸில் வேலை. அவளுக்கு இது எட்டாம் மாதம். சீமந்தத்துக்கு வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். மலையேறினால் வண்டி கொதிக்கிறது. என்ஜின் ஹெட்டைக் கழற்ற வேண்டும், பத்து நாள் ஆகும் என்றார்களாம் ஒரு பட்டறையில். வாடகைக் கார் பிடிக்கலாமே என்றேன். அவர் ஓட்டினால் மட்டும்தான் மகளுக்கு வளைவுகளில் குமட்டாதாம்.

முற்றத்திலேயே என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன். தண்ணீரில் எண்ணெய் இல்லை, குமிழி இல்லை; ஹெட்டில் கோளாறில்லை. ஃபேன் ஒழுங்காகச் சுற்றியது. வாசற்படியில் நின்ற அவர் வீட்டு மாமி, "சூடானா கருகின பூ வாசனை வர்றது" என்றார். ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட் கசிந்தால் தித்திப்பாக மணக்கும். அதைச் சொல்கிறார் என்று நினைத்து ஒழுகலைத் தேடினேன். ஒரு சொட்டுகூட இல்லை.

"அவளுக்கு எல்லாத்துலயும் பூ வாசனைதான், நீர் பம்பைப் பாரும்" என்றார் சாமி.

இல்லாத வால்வு

பம்பில் குறை இல்லை. ஆனால் சூட்டுக்கேற்பத் தண்ணீரை விடும் தெர்மோஸ்டாட் வால்வு இருக்க வேண்டிய இடம் காலி. எப்போதோ யாரோ கழற்றிப் போட்டிருக்கிறார்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் அது வழக்கம். இதுதான் என்று நிச்சயித்து, புதிது வாங்கி மாட்டி, "தைரியமாகப் போங்கள் சாமி" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாமியிடமிருந்து போன் வந்தது. பாதி மலையில் கொதித்துவிட்டது.

"உம்ம பேச்சை நம்பி ஏறினேன், ஆறுமுகம். பொண்ணு பெட்டியோட வாசல்ல நின்னுண்டிருந்தாளாம், வரமுடியலைன்னு போன்ல சொல்லிட்டுத் திரும்பறேன்."

மூக்கு

மறுநாள் காலை போனபோது, வண்டி திரும்பி வந்தபடியே தெருவில் நின்றது. முன்பக்கம் முழுக்க, கிரில்லை மூடி, கை தடிமனில் செவ்வந்தி மாலை. மலைக்குப் போகும்போதெல்லாம் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துக் கட்டுவாராம். வீட்டுக்கு வந்ததும் மாமி அவிழ்த்துவிடுவார். அதனால் நான் ஒருநாளும் மாலையைப் பார்த்ததில்லை.

ரேடியேட்டரைக் கழற்றினேன். அதற்கும் முன்னால் இருக்கும் ஏசி கன்டென்சருக்கும் நடுவில் காய்ந்த இதழ்கள், கம்பளித் துணிபோலக் கறுத்துப் படிந்திருந்தன. காற்று எங்கே நுழையும்? ஹோஸால் மெதுவாகப் பின்னாலிருந்து முன்னால் தள்ளிக் கழுவினேன். கீழே வைத்த பேசின் இதழ்களால் நிறைந்தது. பக்திமானிடம் மாலை கட்டாதீர்கள் என்று நான் எப்படிச் சொல்வது? பேசினைச் சாமி முன்னால் நகர்த்தி வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

மாமிதான் சொன்னார்: "மாலையைப் பிள்ளையாருக்கே சாத்திட்டு வாங்கோ. அவர் தும்பிக்கை நீளம், தாங்குவார். இதுக்கு மூக்கு முன்னாடின்னா இருக்கு!"

வெள்ளிக்கிழமை

கூட வந்தே ஆகவேண்டும் என்று சாமி என்னைப் பின் சீட்டில் உட்காரவைத்தார். ஒவ்வொரு வளைவிலும் அவர் ரோட்டைப் பார்த்தார், நான் சூடு காட்டும் முள்ளைப் பார்த்தேன். போன தடவை நின்ற இடம் வந்ததும் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். முள் நடுவிலேயே நின்றது.

எஸ்டேட் குவார்ட்டர்ஸ் வாசலில் மகள் பெட்டியோடு நின்றிருந்தாள். வண்டியை ஒரு சுற்று பார்த்தாள். "என்னப்பா, முன்னாடி மொட்டையா இருக்கு? பிள்ளையாரோட பிணக்கமா?"

சாமி பெட்டியை வாங்கி டிக்கியில் வைத்தார். "பிணக்கம் ஒண்ணுமில்லை கேட்டோ. அம்மா சொன்னா, அவர் வழிவிட்டுட்டார்."

சூடாகும் வண்டிக்கு முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும், பிறகு காற்றை. இரண்டுக்கும் முன்னால் அந்த வீட்டு அம்மா சொல்வதைக் கேட்கவில்லையென்றால், இன்னொரு தடவை மலையேற வேண்டிவரும்.