மஞ்சள் கம்பளித் தொப்பி

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். இது எனக்கு நடந்தது. ராத்திரியில்கூட இல்லை, பட்டப்பகலில். வீடுகளுக்குள் காற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அளப்பதுதான் அப்போது என் உத்தியோகம். பேய் பிசாசு என்றாலே சிரிக்கிற ஆசாமியாக இருந்தேன்.

1984, மே மாதம். மௌலா அலி என்கிற ஊரில் ஒரு ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ். சக்ரபாணி, சாவித்ரி தம்பதியின் பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை, உடம்பெல்லாம் மஞ்சள். ஆஸ்பத்திரியில் தேறும், வீட்டுக்கு வந்தால் மறுபடியும் மஞ்சள். மூத்த குழந்தையும் இப்படித்தான் போயிற்றாம். சில குழந்தைகளின் ரத்தம் பாச்சை உருண்டை நெடியைத் தாங்காது என்றார் டாக்டர். வீட்டில் அந்த நெடி இன்னும் இருக்கிறதா என்று பார்க்க எங்கள் லேபிலிருந்து என்னை அனுப்பினார்கள்.

"துணி வச்சிருந்த தகரப் பெட்டியையே பழைய சாமான் வாங்கற கபாடிக்காரனுக்குப் போட்டாச்சு சார். உருண்டை ஒண்ணுகூட இல்லை" என்று சொல்லிவிட்டு சக்ரபாணி ஷிப்டுக்குக் கிளம்பிப் போனார். சாவித்ரி சமையலறைக்குப் போனாள்.

தொட்டில் பக்கத்தில் என் பம்பை வைத்தேன். அது அறைக் காற்றை இழுத்து, கரி அடைத்த கண்ணாடிக் குழாய்க்குள் விடும். நெடி இருந்தால் கரியில் தங்கிவிடும். ஜன்னல்களைச் சாத்தினேன். மின்விசிறியையும் நிறுத்தினேன்.

மணி சரியாகப் பன்னிரண்டு. பம்பு மட்டும் ஓடியது. டுர்ர்ர்...

கிரீச்...

தகரப் பெட்டி திறக்கிற சத்தம். இந்த வீட்டில் பெட்டி ஏது?

குப்பென்று நெடி. கண் எரிந்தது. தொட்டில் லேசாக ஆடியது...

எட்டிப் பார்த்தேன். குழந்தையின் தலையில் மஞ்சள் கம்பளித் தொப்பி!

சற்றுமுன் வெறுந்தலை.

பிடுங்கினேன். ஜில்லென்று ஈரம். கண்ணாடி ஜாடியில் போட்டு இறுக மூடி, டேப் ஒட்டினேன்.

"ஏம்மா, எல்லாத்தையும் தூக்கிப் போட்டாச்சுன்னாரே உங்க வீட்டுக்காரர். இது என்ன?"

சாவித்ரி வந்தாள். ஜாடியைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

குழந்தையை உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னேன். காரணம் கையில் அகப்பட்டுவிட்டது, இனிப் பிழைத்துவிடும் என்று நம்பினேன். என்ன முட்டாள்தனமான நம்பிக்கை!

நாலாம் நாள் சக்ரபாணி லேபுக்கு வந்தார்.

"போயிடுத்து சார். ஆஸ்பத்திரியிலயும் அந்த வாடை வந்தது."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"அந்த ஜாடியைக் காட்டுங்கோ."

பீரோவைத் திறந்தேன். ஒட்டிய டேப் ஒட்டியபடி இருந்தது.

ஜாடி காலி. அடியில் ஒரு பிடி செம்மண்.

அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"மூத்தவளுக்கு சாவித்ரி பின்னின தொப்பி சார் அது. அதைப் போட்டுத்தான் அவளைப் புதைச்சோம்."

"அப்போ இதுக்குள்ளே நான் வச்சது..."

"நேத்திக்கு இவனைக் குழியில விடறச்சே, இவன் தலையில இருந்தது."