வாங்க என்று சொல்லும் வேலை

கைப்பேசி வழியாக ஆங்கிலம் பேசப் பழகும் பெண்களின் குழு எங்களுடையது. எல்லாரும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள். புதிதாக யார் சேர்ந்தாலும் வரவேற்பது என் பொறுப்பு. அன்னவாசலில் என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, "வாங்க, வாங்க. இங்க யாரும் ஓரம் கிடையாது. நடுவுல வந்து உக்காருங்க" என்பேன். கூச்சத்தில் வாயே திறக்காதவர்கள்கூட அதற்குச் சிரித்துவிடுவார்கள்.

நான் மட்டும் கேமராவைத் திறப்பதில்லை. வீட்டுக்காரர் தவறிய பிறகு, சொந்தக்காரர்கள் என் வெறும் நெற்றியைப் பார்த்துப் பார்த்துப் பேசியதில் முகத்தைக் காட்டுவதே எனக்கு அலுத்துவிட்டது. அண்ணன் மகள் கல்யாணத்தில் வந்தவர்களை வரவேற்கச் சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன். மதினி சிரித்துக்கொண்டே அதை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கட்டுமாவடியில் மீன் வியாபாரம் செய்யும் ஒரு பெண்ணுக்குக் குழுவில் என்னோடு ரொம்ப ஒட்டுதல். மகளுக்குக் கல்யாணம் வைத்தபோது போன் செய்தார்.

"அக்கா, நீங்கதான் வாசல்ல நின்னு எல்லாரையும் கூப்பிடணும். ஒங்க வாயால வாங்கன்னு கேட்டாலே வயிறு நெறஞ்சிரும்."

எதையும் சொல்லாமல் போய் நின்றுவிடலாமா என்று ஆசை வந்தது. ஆனால் இன்னொரு தடவை யாராவது கிண்ணத்தை வாங்கி வைத்தால் தாங்க மாட்டேன். வீட்டுக்காரர் இல்லாத விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"அடடா" என்றார். பிறகு, "அதனால என்னக்கா, நீங்க வந்து ஒரு ஓரமா உக்காந்து புள்ளைய வாழ்த்துங்க" என்றார்.

போனேன். புதுக்கோட்டையிலும் அறந்தாங்கியிலும் பஸ் மாறி, பட்டுச்சேலை கசங்கப் போனேன். மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு இரண்டு பெண்கள். எனக்கு முன்னால் வந்த குடும்பத்தை வாய் நிறையக் கூப்பிட்டவர்கள், என் நெற்றியைப் பார்த்ததும் பின்னால் வந்தவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். என்னை அழைத்த அந்தப் பெண்ணே என்னைத் தாண்டி ஓடினார். என் முகம் அவருக்குத் தெரியாதே. ஒரு வார்த்தை பேசியிருந்தால் குரலை வைத்துக் கண்டுபிடித்திருப்பார். நான் பேசவில்லை. தாலி கட்டியதும் அட்சதையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் திரும்பினேன். பஸ்ஸில் அழுதேன்.

அடுத்த வகுப்பில் அவர் வந்ததும் வழக்கம்போல "வாங்க" என்றேன்.

"ஏங்க்கா வரவே இல்ல? பந்தி முடியிற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

"பஸ் கெடைக்கலைங்க" என்றேன்.

அன்றைக்குப் புதிதாக ஒருவர் சேர்ந்திருந்தார். நடுவில் வந்து உட்காரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வாங்க" என்று மட்டும் சொன்னேன்.