படத்தில் ஒட்டிய நீலச் சட்டை

கருவாயா, நீ போட்டிருந்த நீலச் சட்டையை இன்று பார்த்தேன்.

அடி அண்ணாமலை கிராமத்தில் இட்லி மாவு கொடுக்கப் போன வீட்டில், படம் வரைகிற ஒரு பெண் அதைப் பெரிய படத்தின் நடுவில் ஒட்டி வைத்திருக்கிறாள். பொத்தானில் நான் போட்ட சிவப்பு நூல் அப்படியே இருக்கிறது. "சட்டைக்குப் பொட்டு வச்சிட்டியாடி"னு நீ சிரித்தாயே, அதேதான்.

"இது யாரு சட்டைங்க?"

"தெரியலக்கா. பழைய துணிக்கடையில கெடச்சுது. அடுத்தவங்க பொருள எடுத்து நம்ம படத்துல வெக்கிறது இப்ப ஒரு ஸ்டைலு."

உன் காரியம் முடிந்ததும், "போனவன் துணி வூட்ல இருக்கக் கூடாது"னு உன் அம்மா எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பழைய துணிக்காரனிடம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு ஒரு கைக்குட்டைகூட மிஞ்சவில்லை. இவளுக்கு முழுச் சட்டை!

மோந்து பார்க்கக் குனிந்தேன்.

"தொடாதீங்கக்கா, பெயிண்ட் காயல."

"என் வீட்டுக்காரர் சட்டைம்மா இது."

"அய்யோ, அப்படியா! அவரு பேரு சொல்லுங்கக்கா, படத்துக்குக் கீழ எழுதிக்கிறேன்."

சொல்லவே இல்லை. அதையும் இவளுக்குக் கொடுப்பேனா? நான் செய்தது தப்பென்றால், இதைப் படிக்கிற நீங்கள் எல்லாரும் தாராளமாகத் திட்டுங்கள்.

கருவாயா, நீ மட்டும் இதைச் சொல்லு. அவள் வீட்டுச் சுவரில் ஜம்மென்று நிற்கிறாயே, பொத்தான் அறுந்தால் அங்கே யாரைக் கூப்பிடுவாய்?