பதினாறாம் நாளுக்குள் பூட்டப்பட்ட ஐரோப்பா

மரகதம் டீச்சரின் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐரோப்பாவைப் பூட்டிவிட்டார்கள். இது அநியாயம். டீச்சரை அறிந்தவர்கள் எல்லோருக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அவர் இறந்த செய்தி வந்தபோது நான் ஹாலிஎலயில் முடி வெட்டிக்கொண்டிருந்தேன். பாதி வெட்டிய தலையோடு பஸ் ஏறினேன். இழவு வீட்டில் என்னைக் கண்டதும் அழுதவர்கள் கொஞ்சநேரம் அழுகையை நிறுத்தினார்கள். டீச்சர் இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பார்.

அவரிடம் நான் முதன்முதலில் போனது சண்டைக்கு. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். மீதியை நானாகப் படித்துக்கொண்டேன். அதனால் யாரையும் கேள்வி கேட்பேன்.

"லயத்து வீடுகளுக்குத் தண்ணி வரல. ஐரோப்பா அரசியலு எதுக்கு டீச்சர்?"

அவர் மேசைகளை வட்டமாகப் போட்டு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நாட்டைக் கொடுத்து, ஐரோப்பிய ஒன்றியக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார். புதிதாக ஒரு நாட்டைச் சேர்ப்பதா என்பது அன்றைய பேச்சு.

"நல்ல நேரத்துல வந்தீங்கண்ணே. மால்டாவுக்கு ஆளில்ல, உக்காருங்க."

"அது எவ்வளவு பெருசு?"

"ரொம்பச் சின்னது. ஆனா நீங்க வேணாம்னா அந்தப் புது நாட்டச் சேக்க முடியாது."

எனக்கென்றே இப்படி ஒரு நாடு இருப்பது தெரியாமல் அத்தனை காலம் வாழ்ந்திருக்கிறேன். உட்கார்ந்தேன். வேண்டாம் என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் வேண்டாம் என்றேன். பிள்ளைகள் பிஸ்கட் கொண்டுவந்து கெஞ்சினார்கள். பிஸ்கட்டைத் தின்றேன், கை தூக்கவில்லை.

"வேணாம்னு சொல்றது சுலபம்ணே. சொல்லிட்டு எந்திரிச்சுப் போகாம, ஏன்னும் சொல்லணும். அதுதான் அரசியல்," என்றார் டீச்சர்.

யோசித்துப் பார்த்தேன். காரணம் ஒன்றும் இல்லை. ஆனாலும் கை தூக்கவில்லை.

அடுத்த வருடம் புதுப் பிள்ளைகள் வந்தார்கள். ஜெர்மனி பெரிய நாடு என்று டீச்சர் சொல்லிவிட்டார். இடைவேளை முடிந்து நானும் டீச்சரும் வந்து பார்த்தால், ஜெர்மனி மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. பிரான்சும் இத்தாலியும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கைகட்டி வரிசையில் நிற்கின்றன. தோட்டத்து ஆபீசில் அப்பா அம்மா நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வேறு எப்படி நிற்பார்கள்? நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். டீச்சரும் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அடியே பிரான்சு, ஜெர்மனி என்ன ஒனக்குத் துரையா? ஒனக்கும் நாற்காலி இருக்குல்ல? செருப்பப் போட்டுக்கிட்டு வந்து உக்காந்து பேசு."

அந்தப் பிரான்சின் பெயர் சுகன்யா. போன மழைக்கு அவர்கள் லயத்தின் கூரை ஒழுகியது. தாயோடு தோட்டத்து ஆபீசுக்குப் போனவள், செருப்போடு உள்ளே நுழைந்து உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு உன்ன உக்காரச் சொன்னது?" என்று கேட்டார் பெரிய கிளாக்கர்.

"யாரும் சொல்லலீங்க. நாற்காலி சும்மா இருந்துச்சு."

கூரைக்குத் தகரம் வந்தது. ஆபீசிலிருந்து பள்ளிக்கூட அதிபருக்கு முறைப்பாடும் போனது. ஐரோப்பா விளையாட்டை நிறுத்தச் சொன்னார் அதிபர். "எழுத்துல குடுங்க சார்," என்றார் டீச்சர். அவர் உயிரோடு இருந்தவரை அதிபர் கொடுக்கவில்லை. இப்போது பாடத்திட்டத்தில் இல்லை என்கிறார். அறைக்குப் பூட்டு.

டீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, கோபம் வந்தாலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பழக்கம். அதிபரின் அறை வாசலில் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அதிபர் பூட்டைத் திறக்க வேண்டும். டீச்சரிடம் படித்துப் பதுளையிலும் வெலிமடையிலும் வேலை பார்ப்பவர்கள் வெள்ளிக்கிழமைகளில் முறைவைத்து வந்து கூட்டத்தை நடத்த வேண்டும். பெற்றோர், "எதுக்கு வம்பு?" என்று பிள்ளையை வீட்டில் நிறுத்தக்கூடாது. பெரிய கிளாக்கர் ஆபீசில் இன்னொரு நாற்காலி போட வேண்டும். அன்று சுகன்யாவின் அம்மா கடைசிவரை நின்றுகொண்டுதான் இருந்தார்.