என்னை நடக்கக் கூட்டிப்போகும் நாய்கள்

தேவிகுளத்தில் எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தைத் தாண்டி மேலே ஏறினால் தேயிலை முடிந்து சோலைக்காடு தொடங்கும். காலை நேரத்தில் கீழே பள்ளம் முழுக்க மேகம் வந்து தேங்கிக் கிடக்கும். உப்பும் இல்லை, அலையும் இல்லை, ஆனால் கடல்தான். அதன் விளிம்பில் நிற்கும் மரங்களைக் காட்டி, இதுதான் எங்கள் ஊர் கடற்கரைக் காடு என்று என் ஜீப்பில் வரும் விருந்தினர்களிடம் சொல்வேன். அதை நம்பிய ஒருவர் மீன் கிடைக்குமா என்று கேட்டார். சந்தையில் கிடைக்கும் என்றேன்.

விடிகாலையில் அவர்களுக்குச் சூரியனைக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து இறக்குவது என் பிழைப்பு. எல்லாமே உட்கார்ந்து பார்க்கும் வேலை. வயிறு மெல்ல வளர்ந்து அதுவே ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கியதும், டாக்டரம்மா தினமும் நடக்கச் சொன்னார். தனியாகச் சோலைப் பக்கம் போக எனக்குப் பயம். யானை இருக்கிறது, புலி இருக்கிறது, அதற்கும் மேலே, மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டால் தூக்கி வர ஆளில்லை. எனவே நாய்களைத் துணைக்கு அழைத்தேன்.

என் நாய் கறுப்பு. தூரத்தில் யானை வாடை வந்தாலே குரைத்து அதைக் கோபப்படுத்தும். பிறகு ஓடிவந்து என் காலுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். நான் எங்கே நிற்கிறேன் என்று யானைக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் அதை வளர்க்கிறேன் போலிருக்கிறது. இன்னொன்று பக்கத்து வீட்டு அக்காவின் செவலை. அதுதான் நிஜமான நாய். நான் ஏற்றத்தில் திணறும்போது திருப்பத்தில் நின்று, பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கும் கணவனைப் போல, கவலையோடு பார்த்துக்கொண்டிருக்கும்.

அக்கா இத்தனை வருஷமும் கொழுந்து பறித்துவிட்டு இந்த மழைக்கு முன்னால் ஓய்வு பெற்றார். வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட வேண்டும், அது எஸ்டேட் வழக்கம். மகளை மலைக்குக் கீழே கோபாலபுரம் பக்கம் ஒரு தென்னந்தோப்புக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்ததால் அங்கே போவதென்று முடிவானது. கூட்டிப்போக வந்த மருமகன் தங்கமான மனிதர். ஆனால் அவர் வீட்டில் கோழிகள் உண்டு, செவலைக்குக் கோழிமேல் உள்ள பிரியம் லயம் முழுக்கத் தெரிந்தது. "நாய் வந்தா வரட்டுங்க அத்தை, ஆனா சங்கிலியில கட்டித்தான் போடோணும்" என்றார் அவர். கழுத்தில் ஒரு கயிறுகூட ஏறாமல் மலை முழுக்கத் திரிந்த நாய் அது. அக்கா யோசித்துப் பார்த்து என்னிடம் விட்டுவிட்டுப் போனார். வண்டி ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே தம்பி, அது என்னையத் தேடுச்சுன்னா மறைக்காமச் சொல்லிரு. வந்து கூட்டிட்டுப் போயிருதேன். கட்டிக் கெடந்தாலும் எங்கூடக் கெடக்கட்டும்."

சரி என்று தலையாட்டினேன். அதன் பிறகுதான் என் அறிவு வேலை செய்யத் தொடங்கியது.

சோலை ஓரமாகப் போகும் பாதையில் ஓர் ஓடை குறுக்கே வரும். மரமெல்லாம் பாசி பிடித்து, வெயில் நாளிலும் சொட்டிக்கொண்டிருக்கும் இடம். அதுவரை செவலை உற்சாகமாக வரும். ஒவ்வொரு வேரையும் முகர்ந்து, முந்தின இரவு யார் யார் வந்துபோனார்கள் என்று விசாரித்துக்கொண்டே நடக்கும். ஓடைக்கு வந்ததும் காதைத் தூக்கிக் கீழே பார்க்கும். அப்புறம் நான் கூப்பிடக் கூப்பிடத் தேயிலைக்குள் இறங்கிப் போய்விடும். மேலிருந்து பார்த்தால், கொழுந்து நிறுக்கிற ஷெட்டின் முன்னால், பாதையைப் பார்த்தபடி தன்னந்தனியாக உட்கார்ந்திருப்பது மூடுபனியில் மங்கலாகத் தெரியும். அக்கா பறித்த கொழுந்தையெல்லாம் நிறுத்த ஷெட் அது.

இதற்கு மேல் என்ன வேண்டும்? அக்காவைத்தான் தேடுகிறது என்று முடிவு கட்டினேன். வளைவில் ஜீப்பை நிறுத்தி இந்தக் கதையை விருந்தினர்களிடம் சொன்னேன். ஓர் அம்மாள் மூக்கைச் சிந்தினார். அடுத்த நாள் அதையே இன்னும் கொஞ்சம் பனி சேர்த்துச் சொன்னேன். அந்த ருசியிலேயே அக்காவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மருமகனோடு வந்து கூட்டிப்போவதாகவும், சங்கிலி வாங்கச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார்.

சங்கிலி என்ற சொல்லைக் கேட்ட பிறகுதான், என் கதை எங்கே கொண்டுவிட்டது என்று புரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் செவலையை என்னோடு ஒட்டவைத்துவிட்டால் அக்காவைச் சமாதானப்படுத்தலாம் என்று கணக்குப் போட்டேன். அக்கா விட்டுப்போன சாமான்களில் அவருடைய படங்கு இருந்தது. செடி கீறாமலும் நனையாமலும் இருக்கக் கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற தார்ப்பாய் அது. நாய்க்கு வாசனைதானே முக்கியம்? காலையில் அதை எடுத்து என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். என் சுற்றளவுக்கு முடிச்சுப் போடக் கயிறு எட்டவில்லை, ஓர் ஊக்கு குத்தினேன்.

கறுப்பு என்னைப் பார்த்துக் குரைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. செவலை மட்டும் சுற்றிவந்து முகர்ந்து பார்த்தது. வாலை ஆட்டியது. என் திட்டம் பலித்த பூரிப்பில் காட்டுக்குள் விறுவிறுவென்று நடந்தேன். படங்கு முழங்காலில் தட்டித் தட்டி டமாரம் அடித்தது. எதிரே வந்த இரண்டு சுற்றுலாப் பெண்கள், மீசை வைத்த கொழுந்துக்காரியை அதுவரை பார்த்திராததால், ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். ஓடை வந்தது. செவலை காதைத் தூக்கியது. கீழே பார்த்தது. இறங்கிப் போயே விட்டது.

அன்றைக்கு ஒரு ரோஷம். நானும் பின்னாலேயே இறங்கினேன். செடிகளுக்கு நடுவே பாதி சறுக்கி, பாதி உட்கார்ந்து ஷெட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அக்காவோடு வேலை செய்த பெண்கள் காலை டீக்காகக் கூடைகளை இறக்கிவைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்கள் டீக்கு வருவதற்குச் சற்று முன்னாலேயே நாய் வந்து இடம்பிடிப்பதும், ஆள் வருவதற்குள் நான் பனியில் நடையைத் தொடர்ந்துவிடுவதும் அப்போதுதான் உறைத்தது. என்னைக் கண்டதும் ஒருத்தி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"புது ஆளா? பேர் போட்டாச்சா?"

இன்னொருத்தி, இந்த இடுப்புக்கு எஸ்டேட்டில் கூடை கிடைக்காது என்றாள். வேலைக்கு வந்தவளின் பேரைப் பதிகிற சூப்பர்வைசரே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்கு நடுவே செவலை ஒரு மடியிலிருந்து அடுத்த மடிக்கு வரிசை தவறாமல் போய்க்கொண்டிருந்தது. இங்கே சப்பாத்தித் துண்டு, அங்கே கப்பைக்கிழங்கு, அடுத்த இடத்தில் பிஸ்கட். துக்கம் அனுசரிக்கிறதாக நான் ஊரெல்லாம் சொல்லிவைத்த நாய் அது.

அக்காவைத் தேடி வருகிறதென்று நினைத்தேன் என்று மெல்லச் சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா இருந்த காலத்திலேயே டீ நேரத்தில் அது அக்கா பக்கம் போகாதாம். அவர் கையில் எப்போதும் வெறும் வெற்றிலைதான் இருக்குமாம்.

இதை எப்படிச் சொல்வது? தேடவில்லை என்றால் அக்காவின் மனசு உடையும். தேடுகிறது என்று விட்டால் செவலையின் கழுத்தில் சங்கிலி ஏறும். என் வாயால் எதைச் சொன்னாலும் கெட்டுப்போகும் என்பதால், ஷெட்டருகே சிக்னல் இருந்த தைரியத்தில் வீடியோவில் கூப்பிட்டேன். அக்காவின் முகம் வந்ததும் முதல் கேள்வி, "ஏலே, அது என் படங்குல்லா?" என்பதுதான். நான் போனைச் செவலையிடம் காட்டினேன். அக்கா அதைச் செல்லமாகக் கூப்பிட்டார். அது நிமிர்ந்து போனைப் பார்த்தது. வாலை நன்றாகவே ஆட்டியது. அப்போது பக்கத்தில் ஒரு டிபன் மூடி திறந்தது. செவலை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தேடலல்ல?" என்றார்.

"இல்லக்கா."

"களவாணி நாயி. கொழுத்துப் போயி இருக்கு பாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அங்கனயே கெடக்கட்டும்லே. சங்கிலிய மருமகன் வேற எதுக்காச்சும் வச்சுக்கிடட்டும்."

பெண்கள் போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். அங்கே டீ குடித்தாயா என்று ஒருத்தி கேட்டாள். மகள் நேரத்துக்குப் போட்டுத் தருகிறாள், நல்ல பால் டீ, ஒரு குறையும் இல்லை என்றார் அக்கா. பிறகு, "கூட உக்காந்து குடிக்கத்தான் யாருக்கும் நேரமில்ல" என்றார். ஒருத்தி உடனே கொழுந்துச் சாக்கின்மேல் போனைச் சாய்த்துவைத்து, அதன் இரு பக்கமும் எல்லோரையும் நெருங்கி உட்காரச் சொன்னாள். கேலி ஆரம்பமானது. யார் மருமகள் யாரோடு சண்டை, புது சூப்பர்வைசருக்கு எந்த வியாதி, எல்லாம் போனுக்குள் போனது. சூப்பர்வைசர் தூரத்தில் நின்று கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா தன் டம்ளரை அங்கே எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

டீ நேரம் முடிந்தது. பெண்கள் கூடைகளை மாட்டிக்கொண்டு தேயிலை நிரைகளுக்குள் இறங்கினார்கள். போனைத் துடைத்து எடுத்தேன்.

"வச்சிராத தம்பி," என்றார் அக்கா. "அவங்க பறிக்கறதக் கொஞ்சம் காட்டு."

கேமராவைத் திருப்பி, கை வலிக்கும்வரை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.